விவசாயப் புரட்சியும் கால்நடை முற்றமும்

மாணவர்களே, இங்கிலாந்தின் விவசாயப் புரட்சி பற்றிய வினாவுக்கு ஜெத்ரோ டல், டவுன்ஷென்ட், றொபேட் பேக்வெல் ஆகிய பெயர்களை எழுதியதும் நிறுத்திவிடுவோர் பலர். பெயர்கள் மாத்திரம் விளக்கமாகா. காரணத்தையும் விளைவையும் இணைத்து எழுதினால்தான் முழுப் புள்ளிகளைப் பெறலாம். அந்த இணைப்பைத் தெளிவாகக் காட்டும் சான்றே அக்காலப் பண்ணைக் கட்டடம்.

1. பின்னணி
முன்னர் நிலத்தின் ஒரு பகுதி ஆண்டுதோறும் தரிசாக விடப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டில் நோபோக் பிரதேசத்தில் கோதுமை, டேர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்ற நான்கு பயிர்ச் சுழற்சி பரவியது. டேர்னிப்பும் குளோவரும் கால்நடைத் தீவனங்களாகும். எனவே குளிர்காலத்திலும் கூடுதலான மாடுகளை வைத்துப் பராமரிக்க முடிந்தது. அவற்றுக்குத் தகுந்த இடமும் தேவைப்பட்டது.

2. கட்டட அமைப்பு
நடுவில் திறந்த முற்றம் அமைந்தது. குளிர்காற்றைத் தடுக்கப் பெரும்பாலும் வடக்குப் பக்கத்தில் உயரமான களஞ்சியம் கட்டப்பட்டது. கிழக்கிலும் மேற்கிலும் தொழுவங்கள் இருந்தன. வெயில் படுவதற்காகத் தெற்குப் பக்கம் திறந்து விடப்பட்டது.

3. செயற்பாடு
களஞ்சியத்தில் சூடடித்த பின்னர் வைக்கோல் முற்றத்தில் பரப்பப்பட்டது. மாடுகள் குளிர்காலம் முழுவதும் அதனை மிதித்தன. சாணமும் வைக்கோலும் கலந்து எருவாகின. அந்த எரு வண்டிகளில் வயலுக்குச் சென்றது. இதனால் விளைச்சல் பெருகியது, தீவனமும் பெருகியது. ஆகவே முற்றம் மாடு நிற்கும் இடம் மாத்திரமன்று, பசளை உற்பத்தி நிலையமுமாகும்.

4. பிற்கால மாற்றம்
மழைநீர் எருவின் போசணைகளைக் கழுவிச் சென்றது. ஆகையால் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில பண்ணைகள் முற்றத்துக்கும் கூரையிட்டன.

மாதிரி வினா
கால்நடை வளர்ப்பு பயிர்ச்செய்கையின் வளர்ச்சிக்கு உதவிய விதத்தை விளக்குக.

விடைக் குறிப்பு
பயிர்ச் சுழற்சி → குளிர்காலத் தீவனம் → கூடுதலான கால்நடைகள் → கூடுதலான எரு → மண்வளம் → கூடிய விளைச்சல்.

கவனிக்க: இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை விட்டாலும் விடை குறைபடும். முற்றத்தின் படத்தை ஒருமுறை வரைந்து பாருங்கள். அதன் பின்னர் மனனம் செய்யவேண்டிய தேவை இராது. காரணம் தானாகவே நினைவுக்கு வரும்.