வகுப்பறைக் கருவிகள்: தங்கவயல் தரும் பாடம்

கல்வியில் புதிய சாதனங்களைப் புகுத்தும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களை எட்டியது. பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கும் திட்டம் 1984-இலும், தொடக்கப் பள்ளிகளுக்கு அடிப்படைச் சாதனங்கள் வழங்கும் கரும்பலகைத் திட்டம் 1987-இலும் தொடங்கின. கல்விக்கெனவே அமைந்த எஜுசாட் செயற்கைக்கோள் 2004-இல் ஏவப்பட்டது. கருவியை வாங்குவது ஒரு பணி. அதனைப் பாடத்தின் அங்கமாக்குவது மற்றொரு பணி. முதலீட்டின் பயன் இரண்டாவது பணியைப் பொறுத்தே அமைகிறது.

இதனை ஆராய, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ஏற்ற களமாகும். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே மின்சாரம் பெற்றது தங்கவயல். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர், தங்கவயல் மக்கள் பலர் வேலை தேடி நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று திரும்புகின்றனர். பெற்றோருக்கு நிலத்தடியில் கிடைத்த பிழைப்பு பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளிக் கல்வியே அவர்களுக்கு எஞ்சியுள்ள மூலதனம். ஆகவே, இங்கு வகுப்பறையில் வீணாகும் ஒரு மணி நேரம் சிறிய இழப்பன்று.

வீட்டின் நிலை அறிதல்

வீட்டில் ஒரே கைபேசி இருந்து, அது சம்பாதிப்பவருடன் விடியற்காலை ரயிலில் சென்று இருட்டிய பின்னரே திரும்புமாயின், மாலையில் அனுப்பப்படும் வீடியோப் பாடம் மாணவனை அடைவதில்லை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் காணப்பட்ட இடர்ப்பாடு இது. எனவே, கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் ஓர் எளிய கணக்கெடுப்பு நடத்துதல் நலம். வீட்டில் கைபேசி உண்டா, எந்த நேரத்தில் இருக்கும், பிள்ளை அதனைப் பயன்படுத்த இயலுமா என்னும் மூன்று வினாக்கள் போதும். கைபேசி கிடைக்காத மாணவர் ஒருவர் இருப்பினும், வீட்டுப்பாடம் நோட்டுப் புத்தகத்தில் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். திரையில் காண வேண்டியவற்றைப் பள்ளி நேரத்திலேயே காட்டிவிடலாம்.

பாடம் முதலில், கருவி பின்னர்

மாணவர் எதனைக் கற்க வேண்டும் என்பதை வரையறுத்த பின்னரே கருவியைத் தேர்ந்தெடுத்தல் முறை. எடுத்துக்காட்டாக, அளவுத்திட்டம் என்னும் கணிதப் பாடத்தைக் கொள்வோம். சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் உடையது. 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் எனக் கொண்டால், கரும்பலகையில் 80 சென்டிமீட்டர் நீளமுள்ள கோடு கிடைக்கும். அதே அளவில் 73 மீட்டர் உயரமுள்ள குதுப்மினார் 2 சென்டிமீட்டர்கூட வராது. 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தினருடன் சேர்ந்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை இச்சுரங்கத்தில் கண்டறிந்த இடம் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் இருந்தது. கோட்டில் அது 57.5 சென்டிமீட்டரில் அமையும். இந்த ஒப்பீட்டைக் கைபேசியின் சிறு திரை காட்ட இயலாது, சுண்ணக்கட்டி போதும்.

சுரங்கத்தினுள் வேலை எவ்வாறு நடந்தது என்னும் வினாவிற்கோ கரும்பலகை போதாது. ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவரின் இசைவு பெற்று, அவர் கூறுவதைக் கைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்து வகுப்பில் ஒலிக்கச் செய்யலாம். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி வினா எழுப்பினால், கேட்டல் கற்றலாக மாறும்.

மொழியும் எழுத்தும்

தங்கவயலில் பல வீடுகளில் தமிழும், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் வழங்குகின்றன. ஒரு பாடத்தின் முக்கியச் சொற்கள் பத்தினை இம்மொழிகளில் அருகருகே அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவது செலவில்லா உதவி. தட்டச்சு செய்யும்போது யூனிகோடு எழுத்துருவையே கையாள வேண்டும்; பழைய எழுத்துருக்களில் அடித்த பாடம் வேறொரு கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

திரையில் எழுத்தின் உயரம் 3 மீட்டர் தொலைவிற்கு 2.5 சென்டிமீட்டர் வீதம் இருத்தல் நலம். கடைசி வரிசை 6 மீட்டரில் இருந்தால் 5 சென்டிமீட்டர் வேண்டும். வகுப்பிற்கு முன் ஆசிரியர் கடைசி இருக்கையில் ஒருமுறை அமர்ந்து பார்ப்பதே சிறந்த சோதனை. இணையத்தை நம்பியிராமல், தேவையான படங்களை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மின்தடை ஏற்படின் அதே பாடத்தைத் தொடரக் கரும்பலகை வழியும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பராமரிப்பும் பொறுப்பும்

ஆழ்சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டும் கயிறும் நாள்தோறும் சோதிக்கப்பட்டு ஏட்டில் பதியப்பட்டன. பள்ளிக்கும் அத்தகைய ஏடு வேண்டும். தேதி, வகுப்பு, பாடம், பயன்படுத்திய கருவி, கண்ட பழுது என ஐந்து பத்திகள் போதும். புரொஜெக்டரின் காற்று வடிகட்டியைத் தூசு நீக்குவதும், மின்கலங்களைச் சோதிப்பதும் மாதந்தோறும் ஒருவரின் பெயரில் பொறுப்பாக்கப்பட வேண்டும். மாணவரின் படங்களையும் மதிப்பெண்களையும் கைபேசிக் குழுக்களில் பரப்பலாகாது.

பழுதானால் தணிக்கையில் விளக்கம் கூற நேருமே என்னும் அச்சத்தால், பல இடங்களில் கருவிகள் அலமாரியில் பூட்டப்படுகின்றன. பூட்டிய கருவியும் தேய்மானம் அடைகிறது. கணிப்பொறி பயன்படாமலே பழமையாகிவிடுகிறது. எனவே, கொள்முதல் மதிப்பீட்டிலேயே பழுதுபார்ப்பிற்கான தொடர்செலவையும் சேர்த்து ஒதுக்குவது சிக்கனம். முறையான பயன்பாட்டில் நேரும் தேய்மானத்தை அலுவலர்கள் குற்றமாகக் கருதாமல், உற்பத்திச் செலவாகக் கருத வேண்டும்.

பள்ளியைப் பார்வையிடும் அலுவலர், கருவிகள் எத்தனை என்று எண்ணியபின் மேலும் இரண்டு வினாக்களைக் கேட்டல் தகும். சென்ற வாரம் எந்தப் பாடத்திற்கு இக்கருவி பயன்பட்டது? அதன் வாயிலாக மாணவர் தாமே என்ன செய்து பார்த்தனர்? இவ்விரண்டிற்கும் பயன்பாட்டு ஏட்டிலும் மாணவரின் நோட்டிலும் விடை கிடைக்குமாயின், செலவிடப்பட்ட பொதுப்பணம் உரிய இடத்தைச் சேர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.