சுவர் அலமாரிக்கு எந்த ஸ்பீக்கர்?

நாகர்கோவிலில் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, இது எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். கோயில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் கட்டும் மைக் செட்டைக் கேட்டு வளர்ந்த ஊர். அப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில், புத்தகங்களுக்கு நடுவே வைக்கப்போகும் இரண்டு சிறு பெட்டிகளுக்கு வாட்ஸ் கடைசியாகப் பார்க்க வேண்டிய சங்கதி. முதலில் அலமாரியைப் பார்க்க வேண்டும். அடுத்து, பெட்டியின் காற்றுத்துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு நம் ஊர்க் காற்றையும் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாட்ஸ் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். விவரக் குறிப்பில் 'சென்சிட்டிவிட்டி' என்று டெசிபலில் ஓர் எண் இருக்கும். 85 என்று போட்ட ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்தை 88 என்று போட்டது பாதி மின்சக்தியில் தந்துவிடும். வீட்டில் பாட்டுக் கேட்கையில் பெரும்பாலும் சில வாட்ஸ்தான் செலவாகிறது. அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம், தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணே எண்.

நம் மாவட்டத்துக் கான்கிரீட் வீடுகளில் புத்தக அலமாரி என்பது பெரும்பாலும் சுவருக்குள் குடைந்த சுவரலமாரி. கடப்பா கல்லோ சிமென்ட் பலகையோ தட்டாக இருக்கும். ஆழம் ஏறக்குறைய ஓரடி. கல் தட்டு ஸ்பீக்கருக்கு நல்லது, அதிராது. பிளைவுட் அலமாரி என்றால் பெட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வைத்தே தீர வேண்டும். ஆனால் கல்லோ மரமோ, மூன்று பக்கமும் அடைத்த குழிக்குள் பெட்டியை வைக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த நாதம் வர, பெரும்பாலான கம்பெனிகள் பெட்டியில் ஒரு துளை வைக்கின்றன. பெட்டியின் பெரிய கோனான ஊஃபர் உள்ளே தள்ளும் காற்று அந்தத் துளை வழியே வந்து கீழ்ச்சுரங்களுக்குப் பலம் சேர்க்கும். கே.இ.எஃப். எல்.எஸ்.50, கியூ அகூஸ்டிக்ஸ் 3020ஐ போன்ற பேர்பெற்ற பெட்டிகளில் துளை பின்பக்கம். அறை நடுவே ஸ்டாண்டில் வைத்தால் இவை அருமையாகப் பாடும். சுவரலமாரிக்குள் தள்ளினால் துளைக்கும் சுவருக்கும் இடையே நாலு விரல் இடம்கூட இருக்காது; கீழ்ச்சுரம் வீங்கிவிடும். இதை அறிய யேசுதாஸ் குரலைப் போட்டுக் கேட்டாலே போதும். நெஞ்சிலிருந்து வரும் அந்தக் கனத்த குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும், வார்த்தைகளின் ஓரம் மழுங்கும். நான் சொன்ன இரண்டு பெட்டிகளுக்கும் துளையை அடைக்க நுரைப்பஞ்சு அடைப்பான் கூடவே வரும். அதைச் செருகினால் வீக்கம் குறையும், ஆழமும் கொஞ்சம் போகும்.

ஆகவே அலமாரியில்தான் வைப்பது என்று முடிவாகிவிட்டால், முன்பக்கத் துளை உள்ளதையே நான் சொல்வேன். எலாக் டெபியூ பி5.2 அப்படிப்பட்டது, ஐந்தேகால் அங்குல ஊஃபர், துளை முன்னால். ஆனால் சென்சிட்டிவிட்டி 86, மின்தடை 6 ஓம். எனவே ஆம்ப்ளிஃபயர் சற்றுத் தெம்பானதாக இருக்க வேண்டும். துளையே இல்லாத மூடிய பெட்டி இன்னும் பொருத்தம். 1970-களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ அந்த ரகம். உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், ஆழம் 16 சென்டிமீட்டர்தான். மனிதக் குரலை அவ்வளவு உண்மையாகத் தரும் பெட்டிகள் குறைவு. இன்று புதிதாக வாங்கினால் விலை லட்சங்களில் என்பதால் சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாது. வேறு மூடிய பெட்டிகள் சந்தையில் அரிதாகவே கிடைக்கின்றன.

எந்தப் பெட்டியானாலும் தட்டின் விளிம்போடு முகம் ஒட்டி நிற்குமாறு முன்னால் இழுத்து வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் கல் தட்டில் பட்டுத் தெறித்த ஒலியும் கலந்தே காதுக்கு வரும். பக்கத்து இடைவெளியில் புத்தகங்களை முன்னும் பின்னுமாக அடுக்கினால் குழியின் முழக்கம் அடங்கும். உச்சச் சுரங்களைத் தரும் சிறு ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வரும் தட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். மேல் தட்டில் தூக்கி வைத்த ஸ்பீக்கர் யாருக்கும் பாடுவதில்லை.

ஐந்து அங்குல ஊஃபரில் என்ன கேட்கும், என்ன கேட்காது? பெரும்பாலானவை 55, 60 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும். ஒரு கட்டை சுருதியில் பாடுபவரின் தம்புராவில் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். ஆக, கச்சேரி கேட்பவருக்கு எதுவும் விட்டுப்போகாது. வில்லுப்பாட்டின் குடமும் உடுக்கையும், தேவாலயப் பாடகர் குழுவும் நன்றாகவே வரும். இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டார் வேறு கதை. அதன் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். சிறு பெட்டி அதன் மேல்சுரங்களை மட்டும் தரும், அடிநாதம் காணாமல் போகும். அதுவே உயிர் என்பவர் ஆறரை அங்குல ஊஃபருக்குப் போகலாம். அலமாரியில் அந்தப் பெட்டி அடங்குமா என்று முதலில் அளந்துகொள்ளட்டும். நாதஸ்வரம் கேட்பவர்கள் ட்வீட்டரைத்தான் பார்க்க வேண்டும். மலிவான ட்வீட்டரில் நாதஸ்வரம் பத்தாவது நிமிடம் காதைக் குடையும். பட்டுத்துணிக் கவிகை கொண்டது பெரும்பாலும் சாந்தமாக இருக்கும்.

அடுத்த கேள்வி, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் பெட்டியா, தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும் பாசிவ் பெட்டியா என்பது. வாடகை வீடு, சின்ன அறை, கையில் பத்தாயிரம் சுற்றுவட்டத்தில் பணம் என்றால் எடிஃபையர் ஆர்1280 வகை ஆக்டிவ் ஜோடி போதும். நாலு அங்குல ஊஃபர், பக்கத்துக்கு 21 வாட்ஸ், துளையும் முன்பக்கம். இதே பணத்துக்குக் கிடைக்கும் சவுண்ட்பாரைவிட இது பாட்டுக்கு எவ்வளவோ மேல். சொந்த வீடு, பல வருடம் வைத்துக் கேட்கப்போகிறோம் என்றால் பாசிவ் ஜோடிதான் என் தேர்வு. காரணம் ஐப்பசி, கார்த்திகை இடிமழை. மின்னலில் முதலில் போவது எலக்ட்ரானிக் போர்டு. ஆக்டிவ் பெட்டியில் போர்டு போனால் அதற்கென்றே செய்த போர்டு வேண்டும், பெட்டி மாதக்கணக்கில் ஊமையாகக் கிடக்கும். பாசிவ் பெட்டிக்குள் சுருள், கெபாசிட்டர் போன்ற எளிய பாகங்கள் தவிர ஒன்றுமில்லை. ஆம்ப்ளிஃபயர் போனால் வேறொன்றை மாட்டிக் கேட்கலாம். எதுவானாலும் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், டிவியோடு இணைத்திருந்தால் கேபிள் வயரையும் சேர்த்து.

உள்ளூரில் மரப்பெட்டி அடித்து, 5200–1943 டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபயரோடு தருவார்கள். கட்டுறுதியும் சத்தமும் உண்டு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் சுரங்களைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவரில் பலர் ஒரே ஒரு கெபாசிட்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். குரல் அங்கேதான் கெடுகிறது.

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்கட்டும். நுரை வளையம் ஓதத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்து உதிரும். ஸ்பீக்கர் வயரின் செம்பு முனை உப்புக்காற்றில் பச்சை பூத்தால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். விலையுயர்ந்த வயர் தேவையில்லை, ஐந்து மீட்டருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு தாராளம். பெட்டிகள் பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகை, மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் வைத்தால் அடிப்பாகம் உப்பிவிடும், உட்சுவர் அலமாரியே பத்திரம்.

நல்ல பெட்டிகளைக் கேட்டுப் பார்த்து வாங்க நம்மில் பலர் திருவனந்தபுரம் வரை போக வேண்டியிருக்கிறது. போகும்போது அலமாரியின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் எழுதிக்கொண்டு, வீட்டில் தினமும் கேட்கும் நாலு பாட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடையில் ஸ்டாண்டில் வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். அதோடு எழுந்துவிடாமல், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, சத்தத்தைப் பேச்சுக்குரல் அளவுக்குக் குறைத்து, அதே பாட்டை மறுபடி போடச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.