காணும் மூளை

நுழையும்முன்

கண்ணால் காண்பதும் பொய் என்கிறது பழமொழி. பொய்யுரைப்பது உண்மையில் கண்தானா? கடற்கரையில் எழும் நிலவிலிருந்து இவ்வினாவைத் தொடங்குவோம்.

முழுநிலா நாளின் மாலையில் சென்னை இராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து கிழக்கே நடந்து பட்டினப்பாக்கம் கடற்கரையை அடைந்தால், வங்கக் கடலிலிருந்து எழும் நிலவு பெருந்தாம்பாளம்போல் தோன்றும். நள்ளிரவில் உச்சிவானில் அதே நிலவு சிறு வட்டாகச் சுருங்கிவிடும். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் இருவேளையும் அதனை மறைத்துப் பாருங்கள். நகம் இருவேளையும் போதுமானதாகவே இருக்கும். உண்மையில், தொடுவானில் உள்ள நிலவு ஏறத்தாழ 6,000 கி.மீ. கூடுதல் தொலைவில் இருப்பதால், விழித்திரையில் அதன் உரு மிகச் சிறிதளவு குறைந்தே விழுகிறது! கண் சரியாகவே அளந்து அனுப்புகிறது. பெரிதாக்குவது மூளை. அஃது ஏன் அவ்வாறு செய்கிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை.

விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது. அங்குள்ள ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 இலட்சம் கூம்பு செல்களும் பெறும் செய்தி, பத்து இலட்சம் அளவிலான நரம்பிழைகள் வழியே மூளையின் பின்பகுதியை நோக்கிச் செல்கிறது. அந்நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியுணர் செல்களே இல்லை. தாளில் ஒரு பெருக்கல் குறியும், அதற்கு வலப்புறம் 8 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளியும் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறியையே நோக்கியவாறு தாளை அருகே கொணர்ந்தால், ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் புள்ளி மறையும். அவ்விடம் வெற்றிடமாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள வெண்மையைக் கொண்டு மூளை அதனை நிரப்பிவிடுகிறது.

தமிழர் ஒருவரின் ஆய்வு

தமிழ்நாட்டில் 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், நிழலைக் கொண்டு மூளை வடிவத்தை உய்த்துணரும் முறையை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார். மேற்பாதி வெளிறியும் கீழ்ப்பாதி கருத்தும் உள்ள வட்டம் மேடாகத் தோன்றும். தாளைத் தலைகீழாக்கினால் அதுவே பள்ளமாகும். ஒளி மேலிருந்தே வரும் என்பது மூளையின் நெடுங்காலக் கணிப்பு. மாலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்று, மணலில் பதிந்த காலடிகளைப் படமெடுத்துத் தலைகீழாக நோக்குங்கள். பள்ளங்கள் மேடுகளாக எழுந்து நிற்கக் காணலாம். என் மாணவர்கள் இதனை முதலில் நம்புவதேயில்லை.

காட்சிப்பிழை வெறும் வேடிக்கை என்று எண்ணுதல் தவறு. கையை இழந்தோர் சிலர், இல்லாத அக்கை இறுக மூடிக்கிடப்பதாகவும் தாங்கவியலாது வலிப்பதாகவும் துன்புறுவர். 1990களில் இராமச்சந்திரன் அவர்கள்முன் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். இருக்கும் கையின் எதிருருவம், இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு அது வைக்கப்பட்டது. இருக்கும் கையை விரித்தபோது, இல்லாத கையும் விரிவதாகக் கண்டனர். சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது, வலியும் தணிந்தது. எல்லார்க்கும் இப்பயன் கிட்டுவதில்லை. எனினும், பக்கவாதத்தால் கை தளர்ந்தோர்க்கு அளிக்கப்படும் பயிற்சிகளிலும் இன்று அக்கண்ணாடி இடம்பெற்றுள்ளது.