கடை முகவரியில் கள்ள வழி

இணையத்தில் கடை வைத்துள்ள வணிகப் பெருமக்கள் கவனிக்க! வாடிக்கையாளர் கடவுச்சொல் கொடுத்ததும், முன்பு பார்த்த பக்கத்துக்கே தளம் அவரைத் திருப்பி அனுப்பும். அந்தப் பக்கத்தின் விவரம் முகவரியின் வாலில் இருக்கும். மோசடிக்காரன் அந்த வாலில் தன் தள முகவரியைச் சேர்த்து எஸ்.எம்.எஸ். அனுப்புவான். தொடக்கத்தில் நம் கடைப் பெயர் இருப்பதால் வாடிக்கையாளர் நம்பி, போலிப் பக்கத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிடுவார். கெடுவது நம் பெயர்.

ஜாங்கோ என்ற மென்பொருளில் தளம் அமைத்தவர்களுக்கு வழி இருக்கிறது. 2019-இல் வந்த 3.0 பதிப்பு முதல் 'யூஆர்எல் ஹேஸ் அலவ்டு ஹோஸ்ட் அண்ட் ஸ்கீம்' என்ற பெயரில் இதற்கான சோதனை அதிலேயே உள்ளது. ஜாங்கோவின் சொந்த லாகின் பக்கம் இதைத் தானாகவே செய்துவிடும். புரோகிராமர் தனியாக எழுதிய பக்கங்களில்தான் ஓட்டை விழும். சாய்வுக்கோட்டில் தொடங்கினால் நம் தளம்தான் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு சாய்வுக்கோடு போட்டால் பிரவுசர் வெளித் தளத்துக்குப் போய்விடும். இதைச் சோதித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பில் தொகையைக் கொடுங்கள்.