கேம் மெஷினா, கரம் போர்டா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பாரிசவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. வலது கை பலவீனம்; விரல்களைக் கொஞ்சம் மடக்கி நீட்டுவார். பயிற்சி செய்யச் சொன்னால் ‘பிறகு பாப்பம்’ என்று டிவிக்கு முன்னால் இருந்துவிடுகிறார். டொரொன்டோவில் இருக்கும் தம்பி, கையை அசைத்துத் திரையில் விளையாடும் கேம் மெஷின் ஒன்றை அனுப்பட்டுமா என்று கேட்கிறான். அதனால் கை தேறுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இதே கேள்வியைத் தம்பி இருக்கும் டொரொன்டோவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். டொக்டர் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நான்கு நாடுகளில் 141 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வு, 2016இல் ‘லான்செட் நியூரோலொஜி’யில் வெளிவந்தது. அவர்களும் உங்கள் அப்பாவைப் போலத்தான்: பாரிசவாதம் வந்து மூன்று மாதத்துக்குள், கை ஓரளவு அசையும் நிலையில் இருந்தவர்கள். வழமையான சிகிச்சையோடு ஒரு பகுதியினர் நின்டெண்டோ வீ என்ற அத்தகைய மெஷினில் விளையாடினார்கள். மற்றவர்கள் காட்ஸ், பிங்கோ என்று விளையாடினார்கள். இரண்டு வாரத்தில் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலம். இரு பகுதியினருக்கும் கை தேறியது. மெஷினால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

கையை மீட்பது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப, சலிக்காமல் செய்வதுதான். அப்பாவைச் சலிக்கவிடாமல் வைத்திருப்பது எது என்று தேடுங்கள். மெஷினில் ஒரு சிக்கலும் உண்டு. அது சுகதேகிகளுக்காகச் செய்தது. கை எழும்பாவிட்டால் தோளை உயர்த்தி, உடம்பைச் சாய்த்து விளையாடினாலும் புள்ளி கொடுத்துவிடும். பிழையான அசைவு பழகிவிட்டால் திருத்துவது மிகவும் கஷ்டம்.

அப்பாவுக்குக் காட்ஸில் 304 விளையாடத் தெரியுமா? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் பழைய கூட்டாளிகளைப் பின்னேரங்களில் வரச் சொல்லுங்கள். காட்ஸை இடது கையில் வைத்திருக்கட்டும். இறக்குவதும் பிடியை அள்ளுவதும் வலது கையால் மட்டும். ஒரு காட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துப் புரட்டுவதில் விரல், மணிக்கட்டு, முன்கை எல்லாம் வேலை செய்கின்றன. நேரமெடுப்பார். கூட்டாளிகள் பொறுக்க வேண்டும், நீங்களும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

கரம் போர்டு இருந்தால் இன்னும் நல்லது. ஸ்ட்ரைக்கரைச் சுண்ட விரலை நீட்ட வேண்டும். பலருக்கும் கடைசியாகத் திரும்பி வருவது அந்த அசைவுதான். உடனே சுண்ட வராது. முதல் சில வாரம் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொக்கெற்றில் போடட்டும், பிறகு அடுக்கட்டும், பிறகு தள்ளட்டும்.

சாய்மனைக் கதிரை வேண்டாம். முதுகு நிமிர்ந்திருக்கும் சாதாரணக் கதிரையில், பாதம் இரண்டும் நிலத்தில் படும்படி இருத்துங்கள். தோள் நொந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே வேண்டாம். கிளினிக்கில் கொடுத்த பயிற்சியும் மாத்திரைகளும் தொடர வேண்டும். தம்பி மெஷினை அனுப்பியே தீருவேன் என்றால் அனுப்பட்டும், ஆனால் இயன்மருத்துவர் ஒருவர் அப்பா விளையாடுவதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்த பிறகே தனியே விளையாட விடுங்கள்.

விளையாடும்போதோ வேறெப்போதோ வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கையோ காலோ திடீரென்று சோர்ந்தால், காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.