ஒளிப்படமும் மைசூர் நகரமும்

ஆங்கிலத்தில் போட்டோகிராபி எனப்படும் கலைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பர் சிலர்; நிழற்படம் என்பர் சிலர்; ஒளிப்படம் என்பர் வேறு சிலர். மூலமான கிரேக்கச் சொற்களின் பொருள் 'ஒளியால் எழுதுதல்' என்பதாகும். ஆகவே ஒளிப்படம் என்னும் பெயரே பொருத்தமுடையது. எனினும், பௌதிகம் பயிலும் மாணவனாகிய எனக்கு அப்பெயரும் பாதி உண்மையையே கூறுவதாகத் தோன்றுகிறது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பதோடு, எவ்வளவு நேரம் விழுந்தது என்பதும் சேர்ந்தே ஒரு படம் உருவாகிறது. நகரத்தைப் படம் எடுக்க விரும்பும் மாணவர் முதலில் அறிய வேண்டியது இதுவே. படத்தில் கட்டடம் மட்டும் நிற்குமா, மக்களும் நிற்பார்களா என்பதைக் காலமே முடிவு செய்கிறது.

துளையும் கதவும்

காமிராவினுள் ஒளி புகுவதற்கு ஒரு துளை உண்டு. அவ்வொளியை வேண்டிய நேரம் மட்டும் விட்டு மறைப்பதற்கு ஷட்டர் என்னும் கதவு உண்டு. குழாயடியில் குடம் நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிரம்பும். சிறிதே திறந்தால் காத்திருக்க வேண்டும். இரண்டு வழியிலும் குடம் நிரம்புவது ஒன்றே. ஆனால் படத்தில் விளைவு ஒன்றன்று.

துளையின் அளவை எண்ணால் குறிப்பர். எண் பெரிதானால் துளை சிறிது. நல்ல வெயிலில், உணர்திறன் 100 உடைய பிலிமுக்குத் துளை எண் 16, நேரம் ஏறத்தாழ 1/100 வினாடி என்பது பழைய விதி. துளை எண்ணை 8 ஆக்கினால் துளையின் பரப்பு நான்கு மடங்காகும். நேரத்தை 1/400 வினாடியாகக் குறைக்கலாம். இன்று நம் கையிலுள்ள கைபேசிகளில் பெரும்பாலும் துளை மாறுவதில்லை. நேரத்தையும் உணர்திறனையும் கருவியே கணித்துக்கொள்கிறது. நாம் அறியாமலே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

இனி, தெருவில் நடந்து செல்லும் ஒருவரைப் பார்ப்போம். அவர் வினாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நடக்கிறார் எனக் கொள்வோம். 1/250 வினாடியில் அவர் நகரும் தூரம் அரை சென்டிமீட்டரைச் சற்றே கடக்கும். படத்தில் அது தெரியாது. அவர் நின்றாற்போல் விழுவார். 1/30 வினாடியில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்வார், உருவம் கலங்கும். ஷட்டரை நான்கு நிமிடம் திறந்துவைத்தாலோ அவர் அடியோடு மறைந்தே போவார்.

அது எப்படி? அவருடைய உடலின் அகலம் அரை மீட்டர் என்றால், பின்னாலுள்ள சுவரின் ஒரு புள்ளியை அவர் மறைக்கும் நேரம் மூன்றில் ஒரு வினாடியே. நான்கு நிமிடத்தில் அது ஏறத்தாழ எழுநூறில் ஒரு பங்கு. எஞ்சிய நேரமெல்லாம் சுவரின் ஒளியே அவ்விடத்தில் பதிகிறது. சுவர் நிலைக்கிறது, நடந்தவர் இல்லாமற் போகிறார்.

ஆள் இல்லாத நகரங்கள்

இது வெறுங்கணக்கன்று. பிரான்சு நாட்டு அறிஞர் டாகேர் 1838ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துத் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். வண்டியும் மக்களும் நிறைந்த தெரு அது. படமோ வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக அவர் ஓரிடத்தில் நின்றிருந்தார். அதனால் அவரும், அவர் காலடியில் வேலை செய்தவரும் படத்தில் விழுந்தனர். ஒளிப்படத்தில் பதிவான முதல் மனிதர்கள் அவர்களே என்பர்.

நம் நாட்டிலும் இதையே காண்கிறோம். சென்னைப் படையில் பணிபுரிந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் 1854இல் இம்மைசூர் நாட்டின் பேளூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். 1858இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றாக இணைத்தார். கல்லெழுத்துக்கு அவர் செய்த தொண்டு பெரிது. ஆனால் அவர் கையாண்ட மெழுகுத்தாள் முறைக்கு நீண்ட நேரம் வேண்டியிருந்தது. அதனால் அவருடைய படங்கள் பெரும்பாலானவற்றில் மண்டபம் உண்டு, தூண் உண்டு. மக்களைக் காண்பது அரிது. அந்நாளைய மதுரையில் மக்களே இல்லை என்று எண்ணுவோமா? இருந்தார்கள், நடந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவே.

அரண்மனையும் அங்காடியும்

அந்தப் பழைய முறை போய்விட்டது. ஆயிரத்தில் ஒரு வினாடியையும் இன்று பிடித்துவிடலாம். அவ்வாறாயின் நாம் எடுக்கும் மைசூரில் மக்கள் இருக்கிறார்களா?

ஞாயிறு மாலைகளில் அரண்மனை முன் சென்று பாருங்கள். 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையான பின், ஹென்றி இர்வின் வகுத்த அமைப்பின்படி எழுந்து 1912இல் நிறைவுற்றது இவ்வரண்மனை. ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகள் ஒரே கணத்தில் எரியும் காட்சி கண்கொள்ளாதது. அக்கணத்தில் நூற்றுக்கணக்கான கைபேசிகள் உயர்கின்றன. முக்காலி கொண்டுவந்தவர்கள் ஷட்டரைச் சில வினாடிகள் திறந்துவைக்கின்றனர். கைபேசியின் இரவுப் படமும் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதே. இரண்டிலும் கோபுரம் தெளிவாக விழும். முன்னே பலூன் விற்றுச் செல்பவர் புகை போலாகிவிடுவார். டாகேர் தெருவில் நடந்தது இங்கும் நடக்கிறது. அன்று கருவிக்கு வேறு வழியில்லை. இன்று வழி இருந்தும் நாம் அதை வேண்டுவதில்லை.

அரண்மனையிலிருந்து சிறிது தூரத்தில் சயாஜிராவ் சாலையில் தேவராஜ அங்காடி உள்ளது. குங்கும மேடு, வாழைத்தார், மல்லிகைச் சரம் ஆகியவற்றைப் படம் எடுப்போர் அங்கு மிகுதி. வெளிச்சம் குறைந்த சந்துகளில் துளை எண்ணை 2.8 அளவுக்குத் திறந்து, உணர்திறனைக் கூட்டி, நேரத்தை 1/125 வினாடியில் நிறுத்தினால் பூத்தொடுப்பவரின் விரல் அசைவும் கலங்காமல் கிடைக்கும்.

அங்கே பூ விற்கும் அம்மையார் ஒருவரிடம் ஒருநாள் கன்னடத்தில், "ஒந்து போட்டோ தெகிபஹுதா?" என்று கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டதும் அவர் தமிழிலேயே, "எடுத்துக்கோ தம்பி. எல்லாரும் பூவைத்தான் எடுக்கிறாங்க. என்னைக் கேட்டவன் நீதான்" என்றார். ஒளிப்படக் கலை நூல்களில் நான் படித்த பாடங்களுக்கு அவ்வொரு சொல் குறைந்ததன்று. ஒருவரைப் படம் எடுக்குமுன் அவருடைய இசைவைக் கேட்பது நாகரிகம். அதனினும் மேலாக, அவரும் காணத்தக்கவர் என்று நாம் ஒப்புக்கொள்வதாகும் அது.

மைசூர் தந்த ஒளிப்படக்காரர்

இதனை நன்குணர்ந்த ஒருவர் இந்நகரிலேயே பிறந்தார். டி. எஸ். சத்யன் 1923இல் மைசூரில் பிறந்து மகாராஜா கல்லூரியில் பயின்றவர். பத்திரிகை ஒளிப்படத்துறையில் புகுந்து உலகப் புகழ் எய்தினார். அவர் பெரிதும் விரும்பி எடுத்தவை எளிய மக்களின் அன்றாட வாழ்வும் குழந்தைகளின் உலகமுமே. 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டான 1979இல் அவர் எடுத்த குழந்தைப் படங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2009இல் மைசூரிலேயே மறைந்தார்.

அதே கல்லூரியில் பயின்ற ஆர். கே. நாராயணும் ஒருவகையில் இக்கலைஞரே. 1906இல் சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மைசூருக்கு வந்து வாழ்ந்தவர் அவர். நாள்தோறும் இவ்வூர்த் தெருக்களில் நடந்து, கடைக்காரரோடும் வழிப்போக்கரோடும் பேசிப் பேசியே கதைமாந்தரைக் கண்டார். காமிராவுக்கும் கதைக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றே: மெல்ல நடத்தல், நின்று பார்த்தல்.

ஏன் இப்போதே எடுக்க வேண்டும்?

கட்டடம் நிலையானது, மனிதரே நிலையாதவர் என்று எண்ணுவோம். அதுவும் முழு உண்மையன்று. 1892இல் எழுந்த லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து வீழ்ந்து நால்வர் உயிர் நீத்தனர். தேவராஜ அங்காடியின் வடவாயிற் பகுதி 2016 ஆகஸ்டில் சரிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழுது பார்த்துக் காப்பதா என்னும் வழக்கு அதன்பின் நெடுநாள் நடந்தது. ஒரு காலத்தில் நகரெங்கும் ஓடிய குதிரை வண்டிகள் இன்று மிகச் சிலவே. நாம் இன்று எடுக்கும் படம் நாளை ஒருவேளை சான்றாகிவிடும். எந்தக் கடை எங்கிருந்தது, அதில் யார் அமர்ந்திருந்தார் என்று கேட்போருக்கு அரண்மனைக் கோபுரத்தின் படம் விடை தராது.

படிக்க வந்த தமிழ் மாணவர்களாகிய நாமும் இந்நகரத்தில் இரண்டாண்டு நடந்து செல்பவர்களே. நீண்ட காலக் கணக்கில் நம் உருவமும் எழுநூறில் ஒரு பங்குதான். ஆயினும் நம்மைப் போல் வந்துபோவோர் பலர் பார்த்ததும் சேர்ந்ததே ஒரு நகரம்.

ஆதலின் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் ஒரு தெருவைத் தேர்ந்துகொள்க. மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து அதனைப் படம் எடுக்க. நேரத்தை 1/250 வினாடிக்குக் குறையாத விரைவில் வைக்க; நடப்பவர் நிலைக்கட்டும். அருகிற்சென்று எடுப்பின் இசைவு கேட்க. படத்தின் பின்புறமோ கைபேசிக் குறிப்பிலோ நாள், இடம், தொழில் ஆகியவற்றை எழுதி வைக்க. எடுத்த படத்தின் ஒரு படியை, எடுக்கப்பட்டவருக்குத் தவறாமல் கொடுக்க. ஆண்டு முடிவில் அவற்றை நம் தமிழ் மன்றத்தின் சுவரில் வரிசையாக ஒட்டுவோம். அங்காடியில் உள்ளோரையும் பார்வைக்கு அழைப்போம். தம்மைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கும் அவர்கள் முகத்தை அன்று படம் எடுக்க, ஒருவர் காமிராவுடன் தயாராக இருக்கட்டும்.