கண்ணுல சொட்டு மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி, அக்கா சொல்றதைக் கேளு

தங்கச்சி, முதல்ல அந்தச் சொட்டு மருந்து பாட்டிலைக் கீழே வை. யார் எழுதிக் கொடுத்தது? மெடிக்கல் ஷாப் அண்ணன் எடுத்துக் கொடுத்தாரா? போன தடவை உன் வீட்டுக்காரருக்கு வாங்கினதுல மிச்சமா? ரெண்டுல எதுவா இருந்தாலும் அது உன் கண்ணுக்குள்ள போகக் கூடாது.

என் தம்பிக்கு வேலை சிறுசேரியில, வீடு நாவலூர்ல. மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆர். புழுதியில தினமும் பைக். கண் சிவந்து அரிக்கும்போதெல்லாம், கடையில கேட்டு வாங்கின ஒரு மருந்தை ஊத்திக்குவான். அரை நாள்ல கண் பளிச்சுனு ஆகிடும். ஒரு வருஷத்துக்கு மேல இப்படியே ஓட்டினான். கண்ணாடி மாத்தலாம்னு டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சது, அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. கண்ணுக்குள்ள அழுத்தம் 34. பொதுவா 10-லேர்ந்து 21-க்குள்ள இருக்கணும். வலது கண்ணுல ஓரப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. போனது போனதுதான், எந்த மருந்தும் அதைத் திருப்பிக் கொடுக்காது. இத்தனைக்கும் அவனுக்கு ஒரு நாள்கூட கண் வலிக்கலை.

வலிக்கிற கண்ணுக்கு நாம கண்டதை ஊத்திக்கிறோம், வலிக்காத கண்ணை யாரும் திரும்பிப் பார்க்கிறதே இல்ல. இந்த ரெண்டு தப்பையும் எங்க வீட்டுலயே பார்த்துட்டேன். அதனாலதான் இவ்வளவு கண்டிப்பு. உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும், விஷயத்துக்கு வர்றேன்.

1. மெட்ராஸ் ஐ வந்தா பதறாதே, ஊருக்கும் கொடுக்காதே

நம்ம ஊர்ப் பேரையே வாங்கிக்கிட்ட வியாதி இது. 1918-ல சென்னையில பரவினப்போ வந்த பேருன்னு சொல்வாங்க. 2022 நவம்பர்ல தமிழ்நாடு முழுக்க ஒரு சுத்து வந்தது ஞாபகம் இருக்கும். பெரும்பாலும் இது அடினோ வைரஸ் வேலை. வைரஸைக் கொல்ற சொட்டு மருந்துன்னு ஒண்ணு இதுக்குக் கிடையாது. ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா அடங்கும். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினா அது மேற்கொண்டு கிருமி சேராம இருக்கிறதுக்கு. 'ரெண்டு நாள் ஊத்தியும் போகலையே'ன்னு மருந்தை மாத்தி மாத்தி ஊத்தாதே.

- கண்ணைப் பார்த்தா ஒட்டிக்காது. கை, துண்டு, தலையணை உறை, செல்போன், லிஃப்ட் பட்டன் வழியாத்தான் ஒட்டும். கறுப்புக் கண்ணாடி போடுறது வெளிச்சம் கூசாம இருக்க, அவ்வளவுதான்.
- சோப்புப் போட்டுக் கை கழுவு. சானிடைசரை நம்பி இருக்காதே, இந்த வைரஸ் அதுக்கு அவ்வளவு சுலபமா மசியாது.
- பீளையைத் துணியால துடைக்காதே. கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடை. ஒரு பஞ்சு ஒரு தடவைதான், உடனே குப்பையில போடு.
- சிவப்பும் நீர் வடியறதும் நிக்கிற வரைக்கும் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாதே. 'பரீட்சை இருக்கே'ன்னு அனுப்பினா வகுப்பு மொத்தமும் பரீட்சை எழுதாது.
- தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் வேண்டாம். பாட்டி சொன்னது பாசத்துல. ஆனா கிருமியும் கூடவே உள்ளே போகும்.

வலி கடுமையா இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியலைன்னாலோ, கருவிழியில வெள்ளையாப் புள்ளி தெரிஞ்சாலோ அது மெட்ராஸ் ஐ இல்லைன்னு வெச்சுக்கோ. அன்னிக்கே டாக்டர்கிட்ட போ.

2. கருவிழிப் புண்: இலை கீறினாலும் சும்மா விடாதே

தாழம்பூர், படூர் பக்கம் இன்னும் வயல், தோட்டம் வெச்சிருக்கிறவங்க இருக்காங்க. நெல் தூசி, கரும்புத் தோகை, செடிக் கிளை கண்ணுல பட்டா காளான் கிருமி கருவிழியில குடியேறும். அதுக்கு மருந்தே வேற. நாடாமைசின்னு ஒரு சொட்டு மருந்து, மணிக்கொரு தடவைகூட வாரக்கணக்கில ஊத்த வேண்டி வரும். இந்தப் புண்ணுல தெரியாம ஸ்டீராய்டு மருந்து ஊத்தினா, நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரிதான். கருவிழியை ஓட்டை போட்டுடும். வெல்டிங், கிரைண்டிங் பண்ற பிள்ளைங்க கண்ணுல இரும்புத் தூள் விழுந்தா, கூட வேலை செய்யறவர் தீக்குச்சியால எடுத்து விடுவார். வேண்டவே வேண்டாம்னு சொல்லி வை.

கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்களுக்கும் இதே கணக்குதான். நம்ம அபார்ட்மென்ட்ல வர்றது போர் தண்ணியும் டேங்கர் லாரித் தண்ணியும். அதுல லென்ஸையோ டப்பாவையோ கழுவாதே. அகாந்தமீபான்னு ஒரு நுண்ணுயிர் தண்ணியில இருக்கும், கருவிழிக்குள்ள போனா மாசக்கணக்கில படுத்தும். லென்ஸோட குளிக்காதே, தூங்காதே. டப்பாவை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்து.

3. சுண்ணாம்பு பட்டுட்டா: கேனைக் கவிழ்

வெத்தலைப் பெட்டியில இருக்கிற சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை கையில எடுத்து அமுக்கும், அது நேரா கண்ணுல பீய்ச்சும். சுண்ணாம்பு மேலோட நிக்காது, உள்ளே உள்ளே அரிச்சுக்கிட்டே போகும். சிமென்ட்டும் அப்படித்தான். புதுசா வீடு கட்டுற இடத்துல பிள்ளைங்களை விளையாட விடாதே.

அந்த நேரத்துல ஆட்டோவைத் தேடாதே, டாக்டருக்குப் போன் போடாதே. முதல்ல தண்ணி. சமையல்கட்டுல இருக்கிற 20 லிட்டர் கேன் போதும். குழந்தையைப் படுக்க வெச்சு, தலையைப் பட்ட கண் பக்கமாச் சாய்ச்சு, இமையை விரலால நல்லா விரிச்சுப் பிடிச்சு, சொம்பு சொம்பா ஊத்து. அழும், உதைக்கும், விடாதே. இமைக்குள்ள வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தா நனைச்ச பஞ்சால ஒத்தி எடு. முழுசா அரை மணி நேரம் ஊத்தின பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பார்வை பிழைக்கிறது அந்த அரை மணி நேரத்துலதான்.

4. கண்புரை: 'முத்தட்டும்'னு காத்திருக்காதே

எங்க மாமியார் ஒரு நாள் காபி ஆத்தும்போது டம்ளருக்கு வெளியே ஊத்தினாங்க. கை நடுங்குதுன்னு நினைச்சேன். அடுத்த வாரம் அரிசியில கல் பொறுக்க முடியலைன்னு முறத்தைத் தள்ளி வெச்சாங்க. அப்போதான் உறைச்சது. 'இன்னும் முத்தலைம்மா, முத்தினப்புறம் எடுத்துக்கலாம்'னு அவங்களே ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருக்காங்க.

அது பழைய காலத்துப் பேச்சு. இப்போ அன்றாட வேலைக்கு இடைஞ்சல்னா எடுத்துடலாம். ரொம்ப முத்தவிட்டா ஆபரேஷன்தான் கஷ்டமாகும். புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து உலகத்துல எங்கேயும் இல்ல, விளம்பரம் பார்த்து வாங்காதே. 'லேசர் ஆபரேஷன்'னு எல்லாரும் சொல்றது பெரும்பாலும் லேசர் கிடையாது. ஒலி அலையால புரையை உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு, உள்ளே லென்ஸ் வைப்பாங்க. 1949-ல லண்டன்ல ஹெரால்ட் ரிட்லிங்கிற டாக்டர்தான் முதல்ல அப்படி லென்ஸ் வெச்சவர். போர் விமானிகள் கண்ணுல தெறிச்ச பிளாஸ்டிக் துணுக்கு உள்ளேயே கம்முனு இருந்ததைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை. வெளிநாட்டுல இருந்து வந்த அந்த லென்ஸ் ஏழைக்கு எட்டாம இருந்தது. 1992-லேர்ந்து மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனைக்காரங்களோட ஆரோலேப்லயே செய்ய ஆரம்பிச்சாங்க, விலை மளமளன்னு இறங்கிச்சு.

செலவுக்குப் பயந்து தள்ளிப் போடாதே. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லேர்ந்து நடக்குது, உலகத்துலயே ரொம்பப் பழைய கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு. அங்கேயும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலயும் லென்ஸோட ஆபரேஷன் இலவசம். நாவலூர்லேர்ந்து தாம்பரம் போய் மின்சார ரயில் பிடிச்சா எழும்பூர் நேரா வந்துடும்.

ஆபரேஷன் ஆன கண்ணுல ரெண்டு மூணு நாள் கழிச்சு வலி, சிவப்பு, மங்கல் வந்தா 'நாளைக்குப் பார்க்கலாம்'னு இருக்காதே. ராத்திரியா இருந்தாலும் ஓடு. வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி மங்கினா பயப்படாதே, லென்ஸுக்குப் பின்னாடி சவ்வு படிஞ்சிருக்கும். அதுக்குத்தான் நிஜமான லேசர், அஞ்சு நிமிஷ வேலை.

5. கிளாகோமா: என் தம்பி கதை

கண் அழுத்த நோய்னு சொல்வாங்க. என் தம்பிக்கு வந்தது இதுதான். ஓரத்துலேர்ந்து பார்வையைத் தின்னுக்கிட்டே வரும், நேர்ப் பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும். அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல. அப்பா அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாருக்காவது இருந்தா உனக்கு நாப்பது வயசு வரைக்கும்கூடக் காத்திருக்காதே. அழுத்தம் பார்க்கிறது மட்டும் போதாது. நரம்பையும் ஓரப் பார்வையையும் பார்க்கச் சொல்லு.

இன்னொரு வகை இருக்கு. திடீர்னு ஒரு பக்கம் மண்டையைப் பிளக்கிற வலி, வாந்தி, விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம், கண் சிவப்பு. இதைப் பித்தம்னும் ஒத்தைத் தலைவலின்னும் நினைச்சு வாந்தி மாத்திரை போட்டுப் படுக்கிறவங்க நிறைய. சில மணி நேரத்துலயே பார்வையைக் கெடுத்துடும். உடனே போனா மருந்தால அழுத்தத்தை இறக்கி, லேசரால சின்னத் துளை போட்டுச் சரி பண்ணிடுவாங்க.

சொட்டு மருந்து எழுதினா ஆயுசுக்கும் ஊத்தணும். பாட்டில் தீர்ந்ததும் நிறுத்துற வேலையே வேண்டாம்.

6. சர்க்கரை இருக்கிறவங்க: கண்ணாடிக் கடையோட நிறுத்தாதே

கண்ணாடிக் கடையில பார்க்கிறது பவர் மட்டும்தான். சர்க்கரை கெடுக்கிறது விழித்திரையை. அது சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிச்சுப் பார்த்தாத்தான் சரியாத் தெரியும். சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கே ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். ஏற்கெனவே சர்க்கரை இருந்து கர்ப்பமானா முதல் மூணு மாசத்துக்குள்ளயே காட்டணும். 'நல்லாத் தெரியுதே'ன்னு சொல்லாதே. உள்ளே ரத்தம் கசியற வரைக்கும் நல்லாத்தான் தெரியும். ஆரம்பத்துல சர்க்கரை, பிரஷரைக் கட்டினாலே போதும். முத்தினா லேசர், கண்ணுக்குள்ள ஊசி.

7. பிள்ளைங்க

- எட்டாம் மாசம் பிறந்த குழந்தை, ரெண்டு கிலோவுக்குக் குறைஞ்ச குழந்தைன்னா, பிறந்து 30 நாளுக்குள்ள விழித்திரை பார்த்தே ஆகணும். ஆஸ்பத்திரியில மறந்தாலும் நீ கேளு.
- போட்டோவுல ஒரு கண் சிவப்பாவும் ஒரு கண் வெள்ளையாவும் தெரிஞ்சா அழகுன்னு விடாதே, அந்த வாரமே காட்டு. கண்ணுக்குள்ள புற்றுநோயாக்கூட இருக்கலாம்.
- மாறுகண்ணை அதிர்ஷ்டம்னு விடாதே. ஏழெட்டு வயசுக்குள்ள பார்த்தாத்தான் மங்கின கண்ணைப் பழக்கி எடுக்கிறது சுலபம்.
- கண்ணாடி போடுறதால பவர் ஏறாது. தினமும் ரெண்டு மணி நேரம் வெயில் வெளிச்சத்துல விளையாடுற பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை வர்றது குறையுது. அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்காவது அனுப்பு.

8. நீ, உன் லேப்டாப்

எரியுது, மணல் விழுந்த மாதிரி உறுத்துதுன்னா கண் உலர்ந்திருக்கு. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்ட மறந்துடுறோம். ஏ.சி. காத்து முகத்துல நேரா படாம உட்காரு. திரை கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியா தூரத்துல இருக்கிற தண்ணித் தொட்டியைப் பாரு. ப்ளூ லைட் கண்ணாடிக்குக் காசு கொட்டாதே, கண் அசதியை அது குறைக்கிறதா ஆராய்ச்சியில தெரியலை.

9. டெஸ்ட்டுக்குப் போற நாள்

- பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டா நாலஞ்சு மணி நேரம் மங்கும். ஸ்கூட்டியில போகாதே, ஓ.எம்.ஆர்.ல எதிர் வெளிச்சம் கண்ணை அடிக்கும். துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போ.
- பழைய கண்ணாடி, பழைய சீட்டு, சர்க்கரை ரிப்போர்ட், ஊத்துற பாட்டில் எல்லாத்தையும் ஒரு பையில போடு.
- ரெண்டு மருந்து கொடுத்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடு. ஒரு சொட்டு போதும். ஊத்தினதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால அழுத்திப் பிடி. பாட்டில் திறந்த தேதியை மேலேயே எழுது. ஒரு மாசம் ஆனா தூக்கிப் போடு.

டெஸ்ட்டுக்குப் போக இன்னும் பத்து நாள் ஆகும்னா, அதுவரைக்கும் இதைச் செய். காலையில பல் தேய்க்கும்போது ஒரு கண்ணைக் கையால பொத்திக்கிட்டு ஹால் சுவத்துல இருக்கிற தினசரி காலண்டரைப் பாரு, அப்புறம் மத்த கண்ணால பாரு. குளியலறை டைல்ஸ் கோடு நேரா இருக்கா, வளையுதான்னு பாரு. ஒரு கண்ணுல எழுத்து மங்கினாலும், கோடு வளைஞ்சாலும், மின்னல் மாதிரி பளிச்சுனு அடிச்சாலும், திரை இழுத்த மாதிரி ஒரு பக்கம் மறைஞ்சாலும் அந்தப் பத்து நாளை மறந்துட்டு அன்னிக்கே கிளம்பு. உன் வீட்டுக்காரரையும் பொத்திப் பார்க்கச் சொல்லு. என் தம்பி ஒரு தடவைகூடப் பொத்திப் பார்த்ததில்ல.